இடதுகைக் கத்தரிக்கோல்

கத்தரிக்கோல் வெட்டவில்லை. முடி இரண்டு அலகுகளுக்கு நடுவே மடிந்து படுத்துக்கொண்டது. மறுபடி வைத்தேன். மறுபடி மடிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துரு இல்லை. திருகு தளரவில்லை. ஒரு காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். காகிதமும் மடிந்தது.

எங்கள் குளியலறைக் கண்ணாடி லவினாவின் உயரத்துக்கு மாட்டியது. அவள் என் தோளுக்குக் கீழே. நான் நேராக நின்றால் அதில் மூக்குக்குக் கீழ்தான் தெரியும். அவள் இருந்தபோது முழங்காலை மடக்கிக் குனிவேன். அவள் போன பிறகு குனியவில்லை. தினமும் காலையில் கண் இல்லாத ஒரு தாடி எதிரே நின்றது. நான் பல் தேய்த்தால் அதுவும் தேய்த்தது. நாளடைவில் அது யாரோ என்று ஆகிவிட்டது.

அன்று அந்தத் தாடியை நோக்கி ஒரு கை வந்தது. கத்தரிக்கோல் பிடித்த கை. கண்ணாடியின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. லவினா என் எதிரே நின்று வெட்டும்போதும் அவள் கை எனக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். அவள் இடதுகைக்காரி.

கத்தரிக்கோலும் அவளுடையது. இடது கைக்கென்றே செய்தது. வலது கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். முடி நடுவில் நழுவும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பெங்களூரில் கிடைக்காமல், சிங்கப்பூரிலிருந்து வந்த தோழி ஒருத்தியிடம் சொல்லி அவள் வாங்கிய பொருள் அது. அப்படியிருந்தும் வலது கையில் எடுத்திருக்கிறேன். கண்ணாடியில் அது அவள் கைபோல இருந்தது. காரணம் அதுதான்.

இடது கைக்கு மாற்றினேன். உடனே வெட்டியது. எனக்குத் தெரிந்த சத்தம் வந்தது. உதட்டோரத்தையும் சேர்த்து வெட்டியது. ரத்தம் வாஷ்பேசினில் சொட்டியது. கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தேன்.

தாடியை வெட்ட எனக்கு ஞாயிறுவரை நேரம் இருந்தது.

இந்தத் தாடி ஆரம்பித்தது ஆரணியில் இருக்கும் என் அம்மாவால். லவினா உண்டாகியிருக்கிறாள் என்று போனில் சொன்னபோது அம்மா முதலில் அழுதாள். பிறகு ஒன்று சொன்னாள். பிள்ளை பிறக்கும்வரை நான் முடியோ தாடியோ வெட்டக்கூடாது. எங்கள் பக்கத்துப் பழக்கம். அதுவரை நான் தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஆபீஸ் போகிறவன். லவினாவின் குடும்பம் ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அவர்களுக்கு இது புதிது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தாடி அரிக்க ஆரம்பித்தது. ஆபீஸில் கேலி செய்தார்கள். நான் ஒருநாள் ரேசரை எடுத்தபோது அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்கம்மா நீ வெட்டக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? நான் வெட்டலாமே."

என்னைக் குளியலறைக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தாள். மடியில் செய்தித்தாளை விரித்தாள். கண்ணை மூடு, வாயை மூடு என்றாள். இரண்டுக்கும் ஒரே காரணம் சொன்னாள். திறந்திருந்தால் முடி போகும். அன்று முதல் என் தாடியை அவள் தவிர வேறு யாரும் வெட்டியதில்லை. நானும் வெட்டியதில்லை. குழந்தை பிறந்த பிறகு சவரம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவளுக்கு வெட்டப் பிடித்திருந்தது. எனக்கு அந்த ஸ்டூலில் உட்காரப் பிடித்திருந்தது.

மகள் பெயர் ஸ்வர்ணா. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் சோனு. அவள் தாடி இல்லாத என்னைப் பார்த்ததே இல்லை.

சென்ற வருட மழையில் டெங்கு வந்தது. லவினா தலைவலி என்று படுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் இல்லை.

அடக்கம் அவர்கள் முறைப்படி நடந்தது. எங்கள் முறையில் காரியம் முடிந்த அன்று சவரம் செய்துகொள்வார்கள். இங்கே காரியம் எதுவும் நடக்கவில்லை. அவர்கள் முறையில் தாடியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே எப்போது வெட்டலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது வளர்ந்தது. கழுத்தைத் தாண்டிச் சட்டையின் இரண்டாவது பட்டன்வரை வந்தது.

ஸ்வர்ணாவுக்கும் அப்போது காய்ச்சல் இருந்தது. லவினாவின் அக்கா ஆஞ்சலா மஸ்கட்டிலிருந்து அடக்கத்துக்கு வந்தவர், குழந்தைக்காகத் தங்கிவிட்டார். ஸ்வர்ணா ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே இருந்தாள். நான் தொம்மலூரில் இருந்தேன். ஆபீஸ் போனேன், வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். முதலில் மடிக்கு வருவாள். பிறகு பக்கத்தில் உட்காருவாள். பிறகு தூரத்திலிருந்து பார்ப்பாள். வீடியோ காலில் என் முகம் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். இது மெதுவாக நடந்தது. நான் கவனித்தேன். எதுவும் செய்யவில்லை.

சென்ற ஞாயிறு போனபோது அவள் ஆஞ்சலாவின் நைட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் கையை நீட்டினேன்.

"பெரியம்மா, அந்த அங்கிளப் போகச் சொல்லு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. லாயிட், என் மாமனார், டிவியைப் போட்டார். ஆஞ்சலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா என்னைக் கேட்வரை கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இடுப்பு வலி. தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆஞ்சலா அடுத்த வாரம் மஸ்கட் திரும்புகிறார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவருடைய வீட்டுக்காரரும் சொல்கிறார். இதையெல்லாம் மாமா காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"புள்ளைய யாரும் உங்ககிட்டருந்து புடுங்கல மாப்ள. சண்டே வாங்க. தானா உங்ககிட்ட வந்தா தூக்கிட்டுப் போங்க. அழுதா விட்ருங்க."

சரி என்றேன். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற என்னால் முடியாது. அது எனக்கும் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது ஸ்வர்ணா இல்லாத வீட்டை நினைத்துப்பார்த்தேன். அவளும் போய்விட்டால் வீட்டில் நானும் கண்ணாடியில் இருப்பவனும்தான். இருட்டிய பிறகு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கப் பழகியிருந்தேன். அப்படியே இருந்துவிட முடியும் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். லவினா வெட்டிய முகம்.

ஒவ்வொரு முறை வெட்டியதும் லவினா ஒரு படம் எடுப்பாள். கடைசியாக எடுத்தது என் போனில் இருந்தது. மாதக்கணக்கில் அதைத் திறக்கவில்லை. திறந்தேன். விரலால் பெரிதாக்கித் தாடையைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய தாடி. மீசை உதட்டுக்கு மேலே நின்றது. தாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கொத்து நீளமாக இருந்தது.

முதலில் சலூனுக்குத்தான் போனேன். எங்கள் தெரு முனையில் இருக்கிறது. படத்தைக் காட்டினேன். வெட்டுகிறவர் அதை வாங்கிப் பார்த்தார். "ஒந்து சைடு ஜாஸ்தி இதே சார்," என்றார். ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறதாம். லெவல் செய்து தருகிறேன் என்று டிரிம்மரை எடுத்தார். அதன் சத்தம் காதருகே வந்தது. நான் துணியை உருவிப்போட்டு எழுந்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதன் பிறகுதான் லவினாவின் கத்தரிக்கோலை எடுத்ததும் உதட்டை வெட்டிக்கொண்டதும்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து சிவாஜிநகர் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் கத்தி, கத்தரிக்கோல் மட்டும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். கடைக்காரர் துணிக்கா தாடிக்கா என்று கேட்டார். தாடிக்கு என்றேன். என் தாடியைப் பார்த்தார். அப்படியென்றால் துணிக் கத்தரிக்கோலே வேண்டியிருக்கும் என்றார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

இடது கைக் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"லெஃப்ட்டு ரைட்டெல்லாம் செருப்புக்குத்தான் பாக்கணும் சார்," என்றார்.

நான்கைந்து எடுத்து வைத்தார். நீளமான அலகு உள்ளவை தலைமுடிக்கு. தாடையின் வளைவில் திரும்பாது. மூக்குமுடிக்கு உள்ளது மிகச் சிறியது, முனை உருண்டையாக இருந்தது. பயமில்லை, ஆனால் அடர்ந்த முடியில் நுழையாது. நடுவாந்திரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அலகு என் சுண்டுவிரல் நீளம். முனை கூர். வளையத்துக்கு வெளியே சின்ன வால்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலை அதில் வைத்தால் கை ஆடாது. திறந்து, ஒரு அலகைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டேன். தானாகப் பாதி மூடி நின்றது. திருகு சரி. இதெல்லாம் லவினா கடைகளில் கத்தரிக்கோல்களைத் திறந்து திறந்து பார்த்து, எதுவும் தன் கைக்கு ஆகாது என்று திரும்ப வைக்கும்போது பார்த்தது.

சனிக்கிழமை காலை சீக்கிரம் எழுந்தேன். தாடியை முந்தின நாளே அலசிக் காயவிட்டிருந்தேன். ஈரத்தில் வெட்டக்கூடாது. ஈர முடி நீளமாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கி, வெட்டியது அதிகம் என்று தெரியவரும். ஆரம்பத்தில் ஒருமுறை அவள் அப்படி வெட்டி, ஒரு வாரம் நான் ஆபீஸில் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாஷ்பேசினுக்குக் கீழே செய்தித்தாள் மடித்து வைத்திருந்தது. அவள் கத்தரிக்கோலை அதன்மேல்தான் வைப்பாள். விரித்தேன். மடிப்பில் முடி இருந்தது. கறுப்பாக, சின்னச் சின்னதாக. கடைசியாக வெட்டியபோது உதறாமல் மடித்து வைத்திருக்கிறாள். நான் அதை அப்படியே மறுபடி மடித்து, வேறு தாளை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு முன்னால் முழங்காலை மடக்கிக் குனிந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு தாடியோடு கண்ணும் சேர்ந்து தெரிந்தது. கண் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி நிமிர்ந்தேன்.

சீப்பை எடுத்து, தொங்கிய முடியை ஒரு பிடியாகச் சேர்த்தேன். அதன் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடி வேரிலிருந்து வளர்கிறது. நுனி பழையது. அவள் கடைசியாக வெட்டிய இடம் அந்த நுனிதான். அது வளர்ந்து வளர்ந்து இவ்வளவு கீழே வந்திருக்கிறது. அவளுக்குப் பிறகு வந்ததெல்லாம் அதற்கு மேலே. வெட்டினால் முதலில் விழுவது அவள் வெட்டிய நுனி.

ஸ்வர்ணாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அங்கிள் என்ற குரலை நினைத்துக்கொண்டேன். வெட்டினேன்.

முதலில் பெரிய நீளத்தை எடுத்தேன். பிறகு காதுக்குக் கீழிருந்து ஆரம்பித்தேன். சீப்பைக் கன்னத்தில் வைத்து மேல்நோக்கி வாரி, பல்லுக்கு வெளியே நிற்பதை மட்டும் வெட்டவேண்டும். ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. கொஞ்சம் வெட்டி, நகர்ந்து, திரும்ப வரவேண்டும். மீசைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு. வாய் மூடியிருக்க வேண்டும். அவள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். புதுக் கத்தரிக்கோல் நன்றாக வெட்டியது. ஆனால் சத்தம் வேறு. அவளுடையது மெல்லியதாக, அடுத்த அறையில் யாரோ தாளைத் திருப்புவதுபோல் இருக்கும். இது கடைச் சத்தம்.

கண்ணாடிக்கு வலப்பக்கத்திலிருந்து அந்தக் கை வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை நான் நிறுத்திய பிறகும் அது நகர்ந்ததுபோல் இருந்தது. கையை இறக்கினேன். அதுவும் இறங்கியது. மறுபடி தூக்கினேன்.

போனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தேன். படத்தில் நீளக் கொத்து வலப்பக்கம் இருந்தது. கண்ணாடியிலும் வலப்பக்கம் கொத்தை விட்டேன். இடப்பக்கத்தை ஒட்ட வெட்டினேன். படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். முடிந்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. கண்ணாடியில் லவினா வெட்டிய தாடி நின்றது. குனிந்து கண்ணையும் சேர்த்துப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.

விழுந்த முடியைத் தாளோடு சுருட்டி ஒரு பையில் போட்டுக் கட்டினேன். குப்பை வண்டி கீழே பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. பையைக் கொடுக்கவில்லை. அலமாரியில் வைத்தேன்.

ஞாயிறு சர்ச் முடிந்து அவர்கள் வந்திருப்பார்கள் என்று தெரிந்தபிறகு போனேன். மாமா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். "ஓ," என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்.

ஹாலில் ஆஞ்சலாவின் பெட்டி திறந்து கிடந்தது. ஸ்வர்ணாவின் சின்னச் சட்டைகள் ஒரு ஓரத்தில் மடித்து வைத்திருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

நான் கூப்பிடவில்லை. கையையும் நீட்டவில்லை. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஞ்சலா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

ஸ்வர்ணா எழுந்தாள். ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். என் முழங்காலுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு மடியில் ஏறினாள். முகத்தை என் இடது தோளில் வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி என் இடது தாடையைத் தடவினாள். விரல்கள் எதையோ தேடின. மேலே போய், கீழே வந்து, மறுபடி தேடின.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அவள் தூங்குவது என் இடது தோளில். தூங்கும்போது இடது தாடை முடியைப் பிடித்துக்கொள்வாள். முதலில் லவினாவின் கைக்கு அந்தப் பக்கம் எட்டாமல்தான் கொஞ்சம் நீளமாக நின்றது. பிறகு குழந்தை அதைப் பிடிக்க ஆரம்பித்ததும் லவினா வேண்டுமென்றே வெட்டாமல் விட்டாள். அது குழந்தையின் கைப்பிடி, அதை நான் தொடமாட்டேன் என்பாள். படத்தில் வலப்பக்கம் தெரிந்தது என் இடது தாடை. கண்ணாடியில் வலப்பக்கம் தெரிந்தது என் வலது தாடை. அவ்வளவுதான் விஷயம். நான் கைப்பிடியை வெட்டிவிட்டு வேறு பக்கம் ஒன்றை விட்டிருந்தேன்.

ஸ்வர்ணா தலையைத் தூக்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வலது தாடையில் கொத்தைக் கண்டுபிடித்து இழுத்தாள். வலித்தது.

"அம்மா மாத்தி வெட்டிட்டா," என்றாள்.

சமையலறையில் எதுவோ கொதிக்கும் சத்தம் கேட்டது. ஆஞ்சலா அசையவில்லை. மாமா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்பாதான் வெட்டினேன்," என்றேன்.

"பொய்." அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அம்மாதான் வெட்டுவா."

பிறகு மடியிலிருந்து இறங்கி, மூலையில் கிடந்த தன் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் போட்டாள். இடதும் வலதும் மாறிக் கிடந்தன. வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவள் அதைச் சொல்லி எத்தனை நாளாகிவிட்டதோ எனக்குத் தெரியாது.

நான் செருப்பை மாட்டிவிட்டேன். மாமா ஆஞ்சலாவின் பெட்டியிலிருந்து சின்னச் சட்டைகளை எடுத்து வேறு பையில் வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் வார்த்தை தந்திருந்தார்.

ஆஞ்சலா அடுப்பை அணைத்துவிட்டு என் பின்னால் வாசல்வரை வந்தார். குழந்தை முன்னால் ஓடிக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அவ உங்ககிட்ட வரல கவி. லவினாகிட்டப் போறா," என்றார். குரலில் கோபம் இல்லை.

"தெரியும்க்கா."

"வீட்ல போய்த் தேடுவா."

"தேடட்டும். நானும் அதானே பண்றேன்."

ஆஞ்சலா கொஞ்ச நேரம் என் தாடியையே பார்த்தார். ஸ்வர்ணாவின் டிக்கெட்டைக் கேன்சல் செய்யப்போவதில்லை என்றார். ராத்திரி அழுதால் போன் பண்ணச் சொன்னார். எந்த நேரமானாலும் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். தலையாட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது ஸ்வர்ணா என் வலப்பக்கம் உட்கார்ந்து, அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டாள். பழக்கமில்லாத பக்கம். விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். அல்சூர் சிக்னலில் வண்டி நின்றபோது நான் சொன்னேன். அம்மா செத்துப்போய்விட்டாள், வீட்டில் இருக்கமாட்டாள் என்று. முன்பே பலர் அவளிடம் சொன்னதுதான். அவள் ம் என்றாள். வெளியே போன பஸ்ஸைப் பார்த்து அதற்கும் ம் என்றாள்.

கதவைத் திறந்ததும் உள்ளே ஓடினாள். நான் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். சமையலறைக்குப் போனாள். படுக்கையறைக்குப் போனாள். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் தேடுவதுபோலத் தேடினாள். கடைசியாகக் குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வாஷ்பேசினுக்குக் கீழே நின்று அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கீழேயிருந்து பார்த்தால் அதில் கூரை மட்டும்தான் தெரியும்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது.

அவள் குனிந்து அந்த மடித்த செய்தித்தாளை எடுத்தாள். மேலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. தாளைக் கொண்டுவந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றாள்.

"உக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் என் முழங்கால்களுக்கு நடுவே வந்து, தாளை விரித்து, இரண்டு கையாலும் என் தாடைக்குக் கீழே பிடித்தாள். லவினா வெட்டும்போது அதுதான் ஸ்வர்ணாவின் வேலை. பழைய முடி மடிப்பிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"மாத்தி வெட்டினத சரி பண்ணு."

புதுக் கத்தரிக்கோலை எடுத்தேன். அது இல்லை என்றாள். எழுந்து போய்க் கீழே விழுந்ததை எடுத்து வந்தேன். விரல்களை வளையத்தில் நுழைத்தேன்.

"அந்தக் கை இல்ல."

இடது கைக்கு மாற்றினேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணாடி தெரியாது. அந்த ஸ்டூலில் எனக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. வலது தாடையில் இருந்த கொத்தை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்தேன். கை ஆடியது. உதட்டில் முந்தைய வெட்டு எரிந்தது.

"கண்ண மூடு. வாய மூடு," என்றாள் ஸ்வர்ணா.

மூடினேன்.

முதல் வெட்டு விழுந்தது. அதே சத்தம். அடுத்த அறையில் யாரோ தாளைத் திருப்புகிற சத்தம். குழந்தையின் கைகள் தாளில் இறுகுவது தெரிந்தது. மூடிய கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் குறைந்தது. லவினா எதிரே வந்து நின்று ஜன்னலை மறைக்கும்போது இப்படித்தான் குறையும். பிறகு வெட்டுவது எளிதாக இருந்தது. கை ஆடவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று தெரியும். முடி போகும்.

"போதும்," என்றாள் ஸ்வர்ணா. யாரிடம் சொன்னாள் என்று நான் பார்க்கவில்லை.

திறந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. அவள் ஒரு கையைத் தாளிலிருந்து எடுத்து, ஒட்ட வெட்டியிருந்த என் இடது தாடையைத் தொட்டாள்.

"இது வளருமா?"

"வளரும்."

அவள் தாளை இரண்டு கையாலும் மறுபடி பிடித்துக்கொண்டு, சிந்தாமல் தரையில் வைத்தாள். மடிப்பில் பழைய முடியின்மேல் புது முடி விழுந்திருந்தது. இரண்டும் ஒரே நிறம். எது லவினா வெட்டியது, எது நான் வெட்டியது என்று தெரியவில்லை. ஸ்வர்ணா தாளை மடித்து, அது இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கத்தரிக்கோலை அதன்மேல் வைத்தாள்.